காலாண்டுக் கணக்கும் கொழுந்துக் கூடையும்

மலையகத்தில் சம்பளப் பேச்சுவார்த்தை ஆரம்பமாகும்போதெல்லாம் இரண்டு சொற்களே எமது காதில் விழுகின்றன. கொடுக்கமுடியும் என்கின்றன தொழிற்சங்கங்கள். கொடுக்கமுடியாது என்கின்றன தோட்டக் கம்பனிகள். இவ்விரு சொற்களுக்கும் இடையில் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் பணிப்புறக்கணிப்புகளும் வீதி மறியல்களும் நடந்தேறியுள்ளன. வர்த்தமானிகள் வெளியாகி, அவை நீதிமன்றப் படியும் ஏறியுள்ளன. முடியுமா, முடியாதா என்ற வினாவுக்கு ஓரளவேனும் விடை தரக்கூடிய ஆவணம் ஒன்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பகிரங்கமாக வெளியாகின்றது என்பதும், அதனை எவரும் பார்வையிடலாம் என்பதும் எம்மில் பலர் கவனத்திற் கொள்ளாத விடயங்களாகும். கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள பெருந்தோட்டக் கம்பனிகளின் காலாண்டு நிதிக்கூற்றே அந்த ஆவணம். அதனை எவ்வாறு வாசிப்பது, அதில் எதனை நம்புவது, எதனை ஐயுறுவது, தேயிலைச் சந்தையின் போட்டிக்கும் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

காலாண்டுக் கணக்கு எத்துணை உன்னிப்பாக வாசிக்கப்படலாம் என்பதற்குக் கணினிச் செயலிகளை உற்பத்தி செய்யும் தொழிற்றுறை நல்லதோர் உதாரணமாகும். 1968 இல் ஆரம்பிக்கப்பட்ட இன்டெல், 1969 இல் ஆரம்பிக்கப்பட்ட ஏ.எம்.டி. ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போட்டியிட்டு வருகின்றன. 2024 ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் இன்டெல் 16.6 பில்லியன் டொலர் நட்டத்தை அறிவித்தது. அதே காலாண்டில் தரவு மையங்களுக்கான விற்பனையில் ஏ.எம்.டி. அதனை முந்தியது. ஆனால், இன்டெல்லின் நட்டத்திற் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களில் பணமாகக் கையைவிட்டுச் சென்றதன்று. சொத்துகளின் பெறுமதியைக் கணக்கேட்டிற் குறைத்து எழுதியமையாலேயே அத்தொகை அவ்வளவு பெருத்தது. முதலீட்டாளர்களும் பத்திரிகைகளும் ஊழியர்களும் அவ்வறிக்கையை வரிவரியாகப் பிரித்து ஆராய்ந்தமையாலேயே இவ்வேறுபாடு மறுநாளே உலகுக்குத் தெரியவந்தது. எமது தோட்டக் கம்பனிகளின் கணக்குகளுக்கு இத்தகைய வாசகர்கள் இல்லை. தலைப்பில் உள்ள இலாபத் தொகையை ஒரு தரப்பும், நட்டத் தொகையை மறுதரப்பும் தமக்கு வேண்டிய வேளையில் எடுத்துக் காட்டுவதோடு விடயம் முடிந்துவிடுகின்றது.

இக்கம்பனிகள் எவ்வாறு தோன்றின என்பதை அறிந்தாலன்றி அவற்றின் கணக்கு விளங்காது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மலையகத் தோட்டங்கள் பெரும்பாலும் பிரித்தானிய, உள்நாட்டுத் தனியார் வசமே இருந்தன. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் அவற்றை அரசுடைமையாக்கின. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிருவகித்தன. நட்டச் சுமை அரசாங்கத்தை அழுத்தவே, 1992 இல் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, அவற்றின் முகாமைத்துவம் தனியாரிடம் கையளிக்கப்பட்டது. 1995 முதல் அவற்றின் 51 சதவீதப் பங்குகள் விற்கப்பட்டன. 20 சதவீதம் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. 10 சதவீதம் ஊழியர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. காணி மட்டும் விற்கப்படவில்லை. 1992 இலிருந்து 53 ஆண்டுகளுக்கு, அதாவது 2045 வரை, அது குத்தகைக்கு விடப்பட்டுள்ளது.

இங்கு இரண்டு விடயங்கள் குறித்துக்கொள்ளத்தக்கவை. ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட பத்து சதவீதத்தின்படி தோட்டத் தொழிலாளி கூலி பெறுபவராக மட்டுமன்றி ஒரு சிறு பங்காளியாகவும் ஆக்கப்பட்டார். அப்பங்குகளில் எத்தனை இன்றும் லயங்களில் வாழும் குடும்பங்களின் கையில் எஞ்சியுள்ளன என்பது தொழிற்சங்கங்கள் கேட்டறிய வேண்டிய வினாவாகும். மற்றையது, ஒவ்வொரு கம்பனியிலும் அரசாங்கம் தன்னிடம் வைத்துக்கொண்ட ஒற்றைத் தங்கப் பங்கு. திறைசேரிச் செயலாளரின் பெயரில் உள்ள இப்பங்கின் உரிமைகள் கம்பனிகளின் அமைப்பு விதிகளிலேயே எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு காலாண்டும் முடிவடைந்து 60 நாட்களுக்குள் கம்பனி தனது செயற்பாடு பற்றிய அறிக்கையை வகுத்துரைக்கப்பட்ட படிவத்தில் தங்கப் பங்குதாரருக்குச் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு வார முன்னறிவித்தலுடன் கணக்கேடுகளைப் பார்வையிடவும் அவருக்கு உரிமையுண்டு. ஆகவே, கம்பனிகளின் நிதிநிலை தெரியாது என்று எந்த அரசாங்கமும் கூறமுடியாது.

தலவாக்கலை, களனிவெலி, பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, ஹற்றன், மடுல்சீமை, எல்பிட்டிய எனப் பெயர்பெற்ற கம்பனிகள் யாவும் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டவை. பங்குச் சந்தையின் விதிகளின்படி முதல் மூன்று காலாண்டுகளின் நிதிக்கூற்றுகள் ஒவ்வொன்றும் காலாண்டு முடிவடைந்து 45 நாட்களுக்குள் வெளியிடப்பட வேண்டும். நான்காம் காலாண்டுக்கு இரண்டு மாத அவகாசமுண்டு. சில கம்பனிகளின் நிதியாண்டு டிசெம்பர் 31 இலும் சிலவற்றினது மார்ச் 31 இலும் முடிவடைவதால், ஒரு கம்பனியின் முதலாம் காலாண்டை இன்னொன்றின் முதலாம் காலாண்டோடு ஒப்பிடுமுன் மாதங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இக்காலாண்டுக் கூற்றுகள் பொதுவாகக் கணக்காய்வு செய்யப்படாதவை என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

தேயிலைக்குப் பருவமுண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வரட்சியில் திம்புல்ல, நுவரெலியாப் பகுதிகளில் கொழுந்து குறையும். தரமும் விலையும் உயரும். ஏப்ரல், மே மாத மழையோடு கொழுந்து பெருகும், விலை இறங்கும். ஊவாவின் தரப் பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரையாகும். எனவே ஒரு காலாண்டின் இலாபத்தை அதற்கு முந்திய காலாண்டோடு ஒப்பிடுவது மார்கழியை வைகாசியோடு ஒப்பிடுவது போலாகும். சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுவதே முறை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது போன்ற அனர்த்தங்கள் நிகழும் காலாண்டுகளில் அந்த ஒப்பீடும் போதாது.

ரூபாவின் பெறுமதியும் கணக்கை ஏமாற்றும். 2021 மே முற்பகுதியில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தீர்மானம் அவ்வாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டபோதிலும் செடிகள் அதன் தாக்கத்திலிருந்து உடனே மீளவில்லை. 2021 இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. எனினும் அதே 2022 இலேயே பல கம்பனிகள் அதற்கு முன் கண்டிராத காலாண்டு இலாபங்களை அறிவித்தன. டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவிற்கு உயர்ந்தமையே இதற்கான பிரதான காரணம். 2021 இல் 600 ரூபாவுக்குச் சற்று மேலிருந்த கொழும்பு ஏலத்தின் சராசரி விலை 2022 இல் 1,200 ரூபாவைத் தாண்டியது. தொழிலாளியின் நாட்சம்பளமோ அவ்வாண்டு முழுவதும் 1,000 ரூபாவிலேயே நின்றது. உற்பத்தி குன்றிய ஆண்டில் இலாபம் பெருகியதென்றால், அந்த இலாபத்தின் ஒரு பகுதி அரிசி, மா விலையேற்றத்தைத் தாங்கிக்கொண்ட லயக் குடும்பங்களிடமிருந்தே வந்தது என்று நாம் கூறுவதில் தவறில்லை. அக்காலாண்டுக் கூற்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு அன்றே எவரும் பேசவில்லை என்பது வருந்தத்தக்கது.

மறுபுறம், இலாபமென எழுதப்படுவதெல்லாம் காசு அன்று என்பதையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். தோட்டங்களில் வளரும் யூகலிப்டஸ் முதலான மரங்கள் கணக்கீட்டு நியமங்களின்படி உயிரியற் சொத்துகளாகும். மரத்தின் சந்தைப் பெறுமதி உயர்ந்தால், ஒரு மரத்தையேனும் வெட்டி விற்காத நிலையிலும் அவ்வுயர்வு இலாபமாகப் பதியப்படும். இதற்கு நேர்மாறானது பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட்சம்பளம் பெறுபவருக்கு அவர் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம், இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் அடிப்படையில் வழங்கப்படவேண்டும். நாட்சம்பளம் 350 ரூபாவால் உயர்ந்தால், இருபது ஆண்டு சேவையுள்ள ஒருவரின் பணிக்கொடை 98,000 ரூபாவால் உயரும். ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொண்ட கம்பனிக்கு இப்பொறுப்பின் பெரும்பகுதி ஒரே காலாண்டின் கணக்கில் வந்து விழலாம். சம்பள உயர்வை அடுத்து அறிவிக்கப்படும் பெரும் நட்டத்தைக் காணும்போது, அதில் எவ்வளவு அன்று செலுத்திய காசு, எவ்வளவு பின்னாளிற் செலுத்த வேண்டிய பொறுப்பு என்று வேறுபடுத்திப் பார்த்தல் அவசியம். இன்டெல்லின் நட்டத்தை உலகம் வாசித்த முறையும் இதுவே.

மூன்றாவதாகப் பார்க்கவேண்டியது, சம்பந்தப்பட்ட தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல்கள் பற்றிய குறிப்பாகும். பல பெருந்தோட்டக் கம்பனிகள் பெரிய வர்த்தகக் குழுமங்களுக்குச் சொந்தமானவை. தாய்க் கம்பனிக்குச் செலுத்தப்படும் முகாமைத்துவக் கட்டணம், குழுமத்தின் வேறு கம்பனிகளிடமிருந்து பெறும் கடனும் அதற்கான வட்டியும், அவற்றுக்கு விற்கப்படும் தேயிலை என்பன இக்குறிப்பிலேயே காணப்படும். இவை சட்டவிரோதமானவை அல்ல. ஆனால், தோட்டத்தில் இலாபமில்லை எனக் கூறப்படும்போது, அவ்விலாபம் தோட்டத்தைவிட்டு எந்த வழியாக வெளியேறுகின்றது என்று கேட்பதற்குத் தொழிலாளிக்கு உரிமையுண்டு.

இனிச் சந்தைப் போட்டிக்கு வருவோம். செயலி உற்பத்தியாளர்கள் தமது பொருளுக்குத் தாமே விலை குறிக்கின்றனர். ஒருவர் இழக்கும் வாடிக்கையாளர் மற்றவரிடம் செல்கின்றார். நுவரெலியா மாவட்டத்தின் தோட்டக் கம்பனிகளிடையே அத்தகைய போட்டி இல்லை. 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்திலேயே அவற்றின் தேயிலையில் மிகப்பெரும் பகுதி தரகர்களூடாக விற்பனையாகின்றது. 2020 ஏப்ரல் முதல் அவ்வேலம் மின்னணு முறையில் நடைபெறுகின்றது. அங்கு விலையைக் குறிப்பவர் விற்பவரல்லர், வாங்குபவரே. மத்திய கிழக்கு, ரஷ்யா, துருக்கி நாடுகளின் தேவையும் அவற்றின் அரசியலும் அவ்விலையைத் தீர்மானிக்கின்றன. ஈராக்கில் யுத்தம் மூண்டாலும், ஈரான் மீது தடை விழுந்தாலும், ரஷ்ய ரூபிள் சரிந்தாலும் அதன் அதிர்வு கொட்டகலைத் தொழிற்சாலையை வந்தடையும். விலையைத் தன்னால் நிர்ணயிக்க முடியாத கம்பனி, தன்னால் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்றையே இறுக்கிப் பிடிக்கின்றது. அதுவே சம்பளம். உற்பத்திச் செலவில் மூன்றிலிரண்டு பங்களவு தொழிலாளர் செலவு என்பது கம்பனிகள் தொடர்ந்து கூறிவரும் கணக்காகும். போட்டியின் சுமை கூடையைச் சுமப்பவரின் தோளில் வந்திறங்குவதன் காரணம் இதுவே.

இப்போட்டியாளர்கள் யாவர்? முதலாவதாகக் குறிப்பிடப்படுவது கென்யா. 2023 இல் அந்நாடு 570 மில்லியன் கிலோ தேயிலையை உற்பத்தி செய்தது. அதே ஆண்டில் இலங்கையின் உற்பத்தி 256 மில்லியன் கிலோ. 2013 இல் நாம் எட்டிய 340 மில்லியன் கிலோ என்ற உச்சத்தை அதன் பின்னர் மீண்டும் எட்டமுடியவில்லை. கென்யத் தொழிலாளி எமது தொழிலாளியைவிட நாளொன்றுக்கு அதிக கொழுந்து பறிக்கின்றார் என்பது கம்பனிகளின் வாதம். அது உண்மையே. ஆயினும் காரணத்தையும் சேர்த்தே கூறவேண்டும். பூமத்திய ரேகையை அண்டிய அந்நாட்டின் தேயிலைப் பிரதேசங்களில் மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கின்றது. செடிகளிற் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் நாட்டப்பட்டவை. நிலம் எமது செங்குத்தான மலைகளைப் போன்றதன்று. பெருந்தோட்டங்களில் இயந்திரம் கொண்டு பறிக்கவும் முடிகின்றது. அவ்வியந்திரங்களால் வேலை இழந்த மக்களின் சினம் 2023 மே மாதத்தில் கெரிச்சோ பகுதியில் இயந்திரங்களுக்குத் தீ வைக்குமளவிற்குச் சென்றது என்பதும் அதே கதையின் மறுபக்கமாகும்.

விலையிலோ நிலைமை வேறு. நொறுக்கிச் சுருட்டும் சி.ரி.சி. முறையிலான கென்யத் தேயிலை பெரும்பாலும் தேநீர்ப் பைகளுக்குச் செல்கின்றது. மரபுவழி முறையில் தயாரிக்கப்படும் இலங்கைத் தேயிலை, கிலோவுக்கு மொம்பாசா ஏலத்தில் கிடைப்பதைவிடக் கணிசமாக அதிக டொலரைக் கொழும்பில் பெறுகின்றது. ஆகவே கென்யாவோடு மலிவில் போட்டியிடுவது எமக்கு ஆகக்கூடியதன்று. எமது பலம் தரத்திலேயே உள்ளது. இரண்டு தளிரும் ஒரு மொட்டுமாகக் கையால் பறிப்பவரிடமிருந்தே அத்தரம் ஆரம்பமாகின்றது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 இல் ஜேம்ஸ் பின்லே நிறுவனத்தின் கென்யத் தேயிலைத் தோட்ட வணிகத்தையும், 2024 இல் லிப்டன் நிறுவனத்தின் கென்ய, ருவாண்ட, தன்சானியத் தோட்டங்களையும் வாங்குவதற்கு உடன்பாடு செய்துகொண்டது இலங்கையின் பிரவுன்ஸ் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமே. போட்டியாளர் எனப்படும் நாட்டின் தோட்டங்களில் இலங்கை மூலதனம் இருக்கும்போது, கென்யாவைக் காட்டி அச்சமூட்டும் பழைய வாதம் முன்போல் செல்லுபடியாகாது.

இரண்டாவது போட்டியாளர் உள்நாட்டிலேயே இருக்கின்றார். நாட்டின் தேயிலையில் சுமார் நான்கில் மூன்று பங்கை இன்று உற்பத்தி செய்பவர்கள் சிறுதோட்ட உரிமையாளர்கள். அவர்களிற் பெரும்பாலோர் இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய தாழ்நில மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மத்திய கிழக்கு விரும்பும் கருமையான இலைத் தேயிலை அங்கிருந்தே செல்கின்றது. அவர்களின் செடிகள் இளமையானவை. குடும்ப உழைப்பு கைகொடுக்கின்றது. மூன்றாவது போட்டி ஒரே கம்பனிக்குள்ளேயே, பயிருக்கும் பயிருக்கும் இடையில் நடைபெறுகின்றது. 2017 இல் வட்டவளைப் பெருந்தோட்டக் கம்பனி இரண்டாகப் பிரிக்கப்பட்டமை இதற்குச் சான்று. இலாபம் தந்துகொண்டிருந்த செம்பனை வட்டவளையுடன் நிற்க, தேயிலைத் தோட்டங்கள் ஹற்றன் பெருந்தோட்டக் கம்பனி என்ற புதிய பெயரில் தனியாகச் சென்றன. முதலீட்டாளரின் நோக்கில் இது நியாயமான தீர்மானமே. ஆனால் மூலதனம் எப்பயிரை நாடுகின்றது, எதனைத் தனியே விடுகின்றது என்பதை அது வெளிப்படையாகக் காட்டிற்று.

சம்பளத்தின் வரலாற்றை இப்பின்னணியில் மீட்டுப் பார்ப்போம். கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவானது. ஆயிரம் ரூபாக் கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையினூடாகவே சட்டமாகியது. அத்துடன் கூட்டு ஒப்பந்த முறை செயலிழந்தது. பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோ அளவு உயர்த்தப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அவ்வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 ஜனவரி முதல் அடிப்படையை 1,550 ரூபாவாக உயர்த்தவும், வரவு ஊக்குவிப்பாக 200 ரூபாவை அரசாங்கமே வழங்கவும் முன்மொழிந்தது. இத்தனை கட்டங்களில் எதிலேனும் கம்பனிகளின் காலாண்டுக் கணக்குகள் மேசையில் விரிக்கப்பட்டு, அவற்றின் அடிப்படையில் ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டதா என்று நோக்கினால், ஒவ்வொரு தடவையும் தேர்தலும் நீதிமன்றமுமே முடிவைத் தீர்மானித்துள்ளன என்பது புலனாகும்.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கின்றது. ஒருவர் நாளொன்றுக்கு 20 கிலோ பறித்தால் அது நான்கு கிலோ தூளாகும். 1,350 ரூபாச் சம்பளத்துடன் ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்குமான 15 சதவீதத்தைச் சேர்த்தால் 1,552 ரூபா. எனவே ஒரு கிலோ தூளுக்குக் கொழுந்து பறிக்கும் செலவு 388 ரூபா. அதே மலையில் அவர் 25 கிலோ பறிக்கக்கூடியதாக இருந்தால் அச்செலவு 310 ரூபாவாகக் குறையும். வேறுவிதமாகக் கூறினால், கிலோவுக்கான 388 ரூபாச் செலவு ஒரு சதமேனும் உயராத நிலையிலேயே நாட்சம்பளத்தை 1,687 ரூபாவாக உயர்த்தலாம். 2024 இல் நாடே கொந்தளித்த 1,700 ரூபாவுக்கும் அப்போது கிடைத்த 1,350 ரூபாவுக்கும் இடையிலான தூரம், பறிக்கும் பகுதியைப் பொறுத்தமட்டில், செடியிலுள்ள ஐந்து கிலோ கொழுந்துதான். கவ்வாத்து, உரம், தொழிற்சாலை, உத்தியோகத்தர் செலவுகள் இக்கணக்கில் இல்லை. எனினும் பிரச்சினை எங்கிருக்கின்றது என்பதை இது காட்டப் போதுமானது.

அந்த ஐந்து கிலோ ஏன் செடியில் இல்லை? தொழிலாளியின் கை சோம்பியதால் அன்று. இல்லாத கொழுந்தை எவராலும் பறிக்க முடியாது. அத்தகைய நாட்களில் அரைப்பேருடன் வீடு திரும்புபவரும் அவரே. மேல்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் இன்றும் நூறாண்டை அண்மித்த விதைத் தேயிலை நிற்கின்றது. மீள்நடுகை செய்வதென்றால் பழைய செடியைப் பிடுங்கி, மண் வளம்பெற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் புல் வளர்த்து, பின் கன்று நாட்டி, முழுமையான கொழுந்துக்கு மேலும் மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அக்காலம் முழுவதும் அந்நிலத்திலிருந்து வருமானமில்லை, செலவு மட்டுமே. ஆறு ஆண்டுகள் என்பது இருபத்து நான்கு காலாண்டுகள். அத்தனை அறிக்கைகளிலும் செலவைக் காட்டிக்கொண்டிருக்க எந்தப் பணிப்பாளர் சபை எளிதில் முன்வரும்? அத்துடன் குத்தகை 2045 இல் முடிகின்றது. இருபது ஆண்டுகளுக்கும் குறைவான உரிமை உள்ளவர், ஐம்பது ஆண்டுகள் பலன்தரும் செடியை நாட்டத் தயங்குவது இயல்பே. 1925 இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே இருக்கின்றது; அது உருவாக்கிய உயர் விளைச்சல் கன்றினங்கள் தென்னிலங்கைச் சிறுதோட்டங்களைச் செழிக்கச் செய்துள்ளன. நிலையத்தைச் சூழ்ந்துள்ள மலைகளிலோ கிழச் செடிகள் நிற்கின்றன.

இங்கேதான் காலாண்டுக் கணக்கின் பயனும் அதன் குறையும் ஒருங்கே தெரிகின்றன. யார் எவ்வளவு உழைத்தார், எவ்வளவு வெளியேறியது, சம்பளம் எவ்வளவு தாங்கும் என்பதை அது காட்டும். செடிக்கு எவ்வளவு வயது, அடுத்த தலைமுறைக்கு எத்தனை ஏக்கர் புதிதாக நாட்டப்பட்டுள்ளது என்பதை அது போதியளவு காட்டாது. முதலாவதை வாசிக்காமல் சம்பளப் பேச்சு நேர்மையாக நடைபெறாது. இரண்டாவதைக் கேட்காமல் அச்சம்பளம் நிலைக்காது.

இது தோட்டத் தொழிலாளரை மட்டும் பொறுத்த விடயமன்று. ஹற்றன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா நகரங்களில் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்தி வருகின்றனர். பலசரக்கு, புடைவை, நகை என எவ்வியாபாரமாயினும் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிய சம்பள நாளே அவர்களின் அறுவடை. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் வாங்கிவைத்த சரக்கு விற்பனையாவதும் தேங்குவதும் தோட்டத்தின் கூலிப் பட்டியலைப் பொறுத்ததே. கடைக் கணக்குப் புத்தகத்தில் நிலுவை நீளும்போது அது கம்பனியின் காலாண்டுக் கணக்கின் தொடர்ச்சியே எனலாம். கொழும்பில் தேயிலை ஏற்றுமதியில் ஈடுபட்டுள்ள முஸ்லிம் வணிகர்களுக்கும் செடியின் நலம் தமது தொழிலின் நலமேயாகும்.

செய்யவேண்டியவை எவை? முதலாவதாக, தங்கப் பங்குதாரர் என்ற வகையில் தனக்கு ஏற்கெனவே கிடைக்கும் காலாண்டு அறிக்கைகளின் சாராம்சத்தை அரசாங்கம் மும்மொழிகளிலும் வெளியிடவேண்டும். காணி மக்களுடையது, குத்தகைக்காரரின் செயற்பாட்டை அறியும் உரிமையும் மக்களுடையதே. இரண்டாவதாக, கம்பனிகள் தமது காலாண்டுக் கூற்றுடன் மீள்நடுகை செய்த பரப்பு, ஹெக்டெயருக்கான விளைச்சல், சராசரியாகப் பறிக்கப்பட்ட கிலோ ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் சேர்த்து வெளியிடலாம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை எனில் இதற்குத் தயக்கம் தேவையில்லை. மூன்றாவதாக, தொழிற்சங்கங்கள் சந்தாப் பணத்தின் சிறு பகுதியைச் செலவிட்டுக் கணக்கியல் கற்ற இளைஞர்களை நியமித்து, ஒவ்வொரு காலாண்டும் எளிய தமிழில் ஒரு குறிப்பை வெளியிட வேண்டும். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் கற்று, பல்கலைக்கழகம் சென்று திரும்பிய மலையகப் பிள்ளைகள் இன்று பலருளர். அவர்களுக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், பேச்சுவார்த்தை மேசையில் ஆசனமும் வழங்கவேண்டும். நான்காவதாக, 2045 க்குப் பின் காணியின் நிலை யாது என்பதை அரசாங்கம் இப்போதே தெளிவுபடுத்த வேண்டும். மீள்நடுகைப் பொறுப்பை நிறைவேற்றியவருக்கு ஒரு நியதியும், நிறைவேற்றாதவருக்கு வேறொரு நியதியும் இருத்தல் நன்று. வேலை செய்த மக்களுக்கே செடிகளைப் பகிர்ந்தளித்துக் கொழுந்தை விலைக்கு வாங்கும் முறையும் பல தோட்டங்களில் பரீட்சிக்கப்பட்டு வருகின்றது. காணி உரித்தும் சேமலாப நிதியும் உறுதிசெய்யப்பட்ட பின்னரே அதனை விரிவுபடுத்தலாம். அன்றேல் நட்டத்தை மட்டும் தொழிலாளியோடு பங்கிட்டதாக முடியும்.

சம்பளத்தைச் சந்தை தாங்காது என்பவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: கணக்கை முழுமையாக விரித்துக் காட்டுங்கள். கம்பனியிடம் பணம் குவிந்திருக்கின்றது என்பவர்களிடம் நாம் கேட்பதும் ஒன்றே: மேடையேறுமுன் அக்கணக்கை முழுமையாக வாசியுங்கள். 2024 இல் 1.4 பில்லியன் டொலருக்கு மேல் இந்நாட்டுக்கு ஈட்டித்தந்த தொழிற்றுறையின் வரவும் செலவும் மலையகத்தின் பிரட்டுக்களங்களில் பேசப்படும் பொருளாக வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு முன்னதாக எத்தனையோ காலாண்டு அறிக்கைகள் வெளிவரும். அவற்றுள் ஒன்றையேனும் தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் வர்த்தகர்களும் கூடியிருந்து வாசிப்பார்களாயின், கொடுக்கமுடியும், கொடுக்கமுடியாது என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால், எவ்வளவு, எப்போது, எதிலிருந்து என்ற வினாக்களை எழுப்பும் நிலை உருவாகும். அதற்கான முதலடியை எடுத்துவைக்கும் பொறுப்பு மலையகத்தின் படித்த சமூகத்துக்கு உரியதென்பதே எமது நிலைப்பாடாகும்.